ஃபைனல் என்று முட்டிக்குத் தெரியாது

இரண்டு யார்டு என்பது ஒரு ஆள் தரையில் நீட்டிப் படுத்தால் வரும் தூரம்தான். 2025 ஜனவரி 9 அன்று மியாமி கார்டன்ஸில், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் அரையிறுதியான ஆரஞ்ச் பவுலின் நான்காவது, அதாவது கடைசி, குவார்ட்டர் தொடக்கத்தில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜெரமையா லவ் அந்தத் தூரத்தைக் கடந்ததைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். பந்தை வாங்கியதுமே பென் ஸ்டேட் ஆட்கள் மேலே விழுந்துவிட்டார்கள். ஒருவரை உதறினால் இன்னொருவர் தொங்குகிறார். விழுந்துவிட்டார் என்று நினைத்த நேரத்தில் உடம்பை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் நீட்டிவிட்டார். 10–10 என்று இருந்த ஆட்டம் 17–10 ஆனது. முழங்காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு இதைச் செய்தார். நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் யூ.எஸ்.சி.யோடு ஆடியபோது அடிபட்ட முட்டி அது.

அன்றைக்கு நோட்டர் டேம் 27–24 என்று ஜெயித்து இறுதிப்போட்டிக்குப் போனது. ஜனவரி 20, அட்லாண்டா, எதிரே ஒஹாயோ ஸ்டேட். அதே லவ் நாலே முறை பந்தோடு ஓடினார். நாலுக்கும் சேர்த்து 3 யார்டு. 34–23 தோல்வி.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் இருந்த நாட்களில் இண்டியானா மாநிலத்தில் ஒரே பேச்சுதான். எங்கள் ஊர்க்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காதவர், மகள் இங்கே கல்லூரியில் சேர்ந்ததும் ஃபுட்பால் பைத்தியம் ஆகிவிட்டார். ஒரு சனிக்கிழமை மதியம் காப்பிக் கோப்பையோடு எதிரே உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்க முட்டி டாக்டர்தானே, நீங்களே சொல்லுங்க. இவனை இறக்கலாமா கூடாதா?" என்றார். நான் ஃபிசியோதெரபிஸ்ட். எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் முட்டி டாக்டர்தான்.

"அரையிறுதிக்கு இறக்கினது சரி. ஃபைனலுக்கு வேண்டாம்" என்றேன்.

"அதெப்படிண்ணே? ஃபைனல்தானே முக்கியம்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்பது முட்டிக்குத் தெரியாது. அடிபட்ட நட்சத்திர ஆட்டக்காரன் ஆடலாமா என்ற விவாதம் எப்போது வந்தாலும் எல்லோரும் முதலில் எடுத்துவைப்பது அந்த முக்கியத்தைத்தான், காலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரன்னிங் பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் நேராக ஓடிப் போகிறவர். கபடியில் பாடிப் போகிறவரை ஆளாளுக்குப் பிடித்து அமுக்குவார்களே, அது மாதிரி. ஆனால் இங்கே பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் நூறு கிலோவுக்கு மேல், எல்லோரும் ஓடிவந்து மோதுகிறவர்கள். ஒரே ஆட்டத்தில் இருபது தடவை இது நடக்கும். ஒரு காலை ஊன்றி, உடம்பை மறுபக்கம் திருப்பி, அதே வேகத்தில் வெட்டிப் போவதுதான் அவருடைய தொழில். அந்த ஊன்றித் திரும்பும் நொடியில்தான் ஜவ்வு கிழிகிறது. நேராக ஓடும்போது கிழிவது குறைவு.

என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கல்லூரி நட்சத்திரங்கள் இல்லை, பள்ளிப் பையன்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை ஆடலாமா?" இங்கே பள்ளி ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும். பரிசோதனை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தரையில் ஒரு டேப் ஒட்டியிருப்பேன். நல்ல காலால் ஒற்றைக்காலில் தாண்டி, அதே காலில் ஆடாமல் நிற்கச் சொல்வேன். தூரத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு அடிபட்ட காலால். நல்ல கால் தாண்டியதில் தொண்ணூறு சதவீதமாவது வர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பரவலாக வைத்துக்கொள்ளும் கணக்கு. தொடைத் தசையின் பலத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆனால் நான் அதிகமாகக் கவனிப்பது தூரத்தை இல்லை, தரையிறங்கும் விதத்தை. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா, இறங்கியதும் பையன் பாதத்தை ஒரு சின்ன எட்டு நகர்த்திச் சமாளிக்கிறானா. அந்தச் சின்ன எட்டு பொய் சொல்லாது.

பையன் பொய் சொல்வான். "வலிக்குதா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் கண் ஒரு கணம் அறையின் மூலைக்குப் போய்வரும். அங்கே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஒரு வார்த்தை வற்புறுத்தியிருக்க மாட்டார். ஆனால் ஐந்து வயதிலிருந்து அதிகாலையில் எழுப்பிக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். பையனுக்கு அது தெரியும். "இல்லை, வலிக்கலை." அதனால் இப்போதெல்லாம் அப்பாக்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறேன். அப்படியும் வலிக்கலை என்றுதான் சொல்கிறார்கள், கொஞ்சம் தாமதித்து.

"அவனே ஆடறேன்னு சொல்றான், அவன் முடிவு" என்று பயிற்சியாளர்களும் டிவியில் பேசுகிறவர்களும் சொல்லும்போது எனக்கு அந்த மூலை நாற்காலிதான் ஞாபகம் வரும். இருபது வயதுப் பையன். லாக்கர் ரூமில் கூட இருக்கிற நூறு பேரும் அவனைப் பார்க்கிறார்கள், எண்பதாயிரம் பேர் அவன் பெயரைக் கத்துகிறார்கள். இதில் "நான் ஆடலை" என்று சொல்வதற்கு, ஆடுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும். போதாக்குறைக்கு வலியை மறைக்கும் ஊசி இருக்கிறது. இங்கே விளையாட்டு உலகில் டோரடால் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது வலியை அடக்கும், கிழிந்ததை ஒட்டாது. வலி தெரியாத முட்டியை வைத்துக்கொண்டு ஊன்றித் திரும்புகிறவனுக்கு எச்சரிக்கை மணியைக் கழற்றிக் கொடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் அடிபட்டவன் யாரும் ஆடவே கூடாதா? இல்லை. ஆறிய காயம் வேறு, தாங்கிக்கொள்கிற காயம் வேறு. முதல் வகைக்கு நல்ல உதாரணம் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன். 2006 அக்டோபர் 14, அயோவா ஸ்டேட்டோடு ஆட்டம். சிறையிலிருந்து வெளியே வந்திருந்த அவருடைய அப்பா, மகன் கல்லூரிக்காக ஆடுவதை நேரில் பார்க்க வந்த முதல் நாள் அது. பீட்டர்சன் 53 யார்டு ஓடி டச் டவுன் போட்டார், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைக் கடந்தார். போட்டது சும்மா இல்லை, கோட்டருகே பாய்ந்து விழுந்தார். காலர் எலும்பு முறிந்தது. ஆட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது, முடிவு 34–9. பாய வேண்டிய அவசியமே இல்லை. எல்லா அப்பாக்களும் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை, சிலர் கேலரியில் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு 11 வாரம் கழித்து, 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல். பவுல் என்பது சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம். எதிரே பாய்சி ஸ்டேட். அப்போதே அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப் போகிறார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆட வேண்டாம், கோடிகள் காத்திருக்கின்றன என்று சொன்னவர்கள் உண்டு. ஆடினார். 20 முறை ஓடி 77 யார்டு, இரண்டு டச் டவுன். ஓவர்டைமில் பந்தை வாங்கிய முதல் ஓட்டத்திலேயே 25 யார்டு ஓடிக் கோட்டைத் தொட்டார். இருந்தும் ஓக்லஹோமா 43–42 என்று தோற்றது. பில்லி சிம்ஸ் வைத்திருந்த கல்லூரியின் மொத்த ஓட்டச் சாதனைக்கு 73 யார்டு குறைவாக, 4,045 யார்டோடு அவருடைய கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

நான் அவர் ஆடியதை ஆதரிக்கிறேன். எலும்பு என்பது உடம்பிலேயே நாணயமான பொருள். முறிந்தால் நேராக வைத்துக் காலம் கொடுத்தால் ஒட்டும், ஒட்டிவிட்டதா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். 11 வாரம் போதுமான அவகாசம். மேலும் ரன்னிங் பேக் திரும்புவது காலால், தோளால் இல்லை. அந்த ஏப்ரலில், தொழில்முறை அணிகள் வரிசையாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவரை ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, முதல் வருஷமே 1,341 யார்டு ஓடினார். இன்னொன்று, அதே ஆட்டத்தில் பாய்சி ஸ்டேட்டுக்காகக் கடைசி இரண்டு புள்ளியை எடுத்து ஜெயிக்கவைத்த ரன்னிங் பேக் இயான் ஜான்சன், அந்த நவம்பரில்தான் நுரையீரல் பாதி சுருங்கி ஓர் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்த கையோடு மைதானத்திலேயே தன் காதலியிடம், அவர் அந்த அணியின் சியர்லீடர், மண்டியிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டதால் அமெரிக்கர்களுக்கு அவரைப் பற்றி அதுதான் ஞாபகம் இருக்கிறது. நுரையீரலை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பீட்டர்சன் கதையில் பலர் தவறவிடுகிற பகுதி வேறு. அவர் இல்லாத ஏழு ஆட்டங்களையும் ஓக்லஹோமா ஜெயித்தது. நெப்ராஸ்காவை 21–7 என்று அடித்துப் பிக் 12 என்ற தன் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) பட்டமும் வாங்கியது. 2016 டிசம்பரில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஃபோர்னெட், கணுக்கால் தொல்லையோடு சீசன் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தவர், சிட்ரஸ் பவுலில் ஆடவில்லை என்றார். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சன் பவுலில் ஆடவில்லை என்றார். அணியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று திட்டு விழுந்தது. எல்.எஸ்.யூ. 29–9 என்று ஜெயித்தது. ஸ்டான்ஃபோர்டும் 25–23 என்று ஜெயித்தது. அடுத்த வசந்தத்தில் ஃபோர்னெட் நான்காவதாகவும் மெக்காஃப்ரி எட்டாவதாகவும் தேர்வானார்கள். அதே 2016-ன் முதல் நாளில்தான் ஃபியஸ்டா பவுலில் நோட்டர் டேமின் ஜேலன் ஸ்மித் முட்டி ஜவ்வு அறுந்து விழுந்திருந்தார். முதல் ஐந்து பேரில் ஒருவராகப் போவார் என்று பேசப்பட்டவர், 34-வது ஆளாகப் போனார். இந்தப் பையன்கள் அதைப் பார்த்தவர்கள்தானே.

நட்சத்திரம் இல்லாவிட்டால் அணி மூழ்கிவிடும் என்பது நம் மனதுக்குப் பிடித்த கதை, அவ்வளவுதான். முழு பலத்தில் இருக்கிற இரண்டாவது ஆட்டக்காரன், பாதி பலத்தில் இருக்கிற முதல் ஆட்டக்காரனைவிடப் பெரும்பாலும் தேவலை. குறிப்பாக ரன்னிங் பேக் இடத்தில். அங்கே முன்னால் நின்று வழி திறந்துவிடும் ஐந்து பெரிய உடம்புகள்தான் பாதி வேலையைச் செய்கின்றன.

மார்க்கஸ் லாட்டிமோரைப் பற்றி எழுதாமல் இதைத் தாண்ட முடியாது. சவுத் கரோலைனா பல்கலைக்கழகம். 2011 அக்டோபரில் மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தில் இடது முட்டியில் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்தது. ஒழுங்காக அறுவை சிகிச்சை, ஒழுங்காகப் பயிற்சி, அவசரமே இல்லாமல் அடுத்த சீசனுக்குத் திரும்பினார். 2012 அக்டோபர் 27, டென்னசி ஆட்டம். இந்த முறை வலது முட்டி. மூட்டே விலகிப் பல ஜவ்வுகள் ஒருசேரக் கிழிந்தன. டிவியில் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். நான் தொழில் நிமித்தம் பார்த்திருக்கிறேன், யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு அணி ஆட்டக்காரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவருக்கு 21-வது பிறந்த நாள். ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி நான்காவது சுற்றில் எடுத்துக் காத்திருந்தது. 2014 நவம்பரில், ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல், ஓய்வு பெற்றார்.

இதை "பார், ஆடினால் இப்படித்தான்" என்பதற்குச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது பொருந்தாது. அவர் அன்று அடிபட்டவராக இறங்கவில்லை, முழுமையாகத் தேறியவராக இறங்கினார், கிழிந்ததும் வேறு கால். எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த ஆட்டத்தில் இது நடக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தெரிந்தே ஒரு பலவீனத்தோடு ஒருவனை இறக்க வேண்டுமென்றால், அதற்கான காரணம் "ஃபைனல்" என்பதைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

இப்போது திரும்பவும் லவ். 2024 சீசனிலிருந்துதான் கல்லூரி ப்ளேஆஃப், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று, 12 அணிகளாக விரிந்தது. அதனால் நோட்டர் டேமுக்கு "முக்கியமான ஆட்டம்" ஒன்று இல்லை, நான்கு. டிசம்பர் 20 சொந்த மைதானத்தில் இண்டியானாவோடு, ஜனவரி 2 நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜியாவோடு, ஜனவரி 9, ஜனவரி 20. இதில் சுகர் பவுல், அதாவது ஜார்ஜியா ஆட்டம், ஜனவரி 1 நடந்திருக்க வேண்டியது. அன்று அதிகாலை பூர்பன் தெருவில் நடந்த தாக்குதலால் ஒரு நாள் தள்ளிப்போனது, அரையிறுதி தள்ளிப்போகவில்லை. ஆக இரண்டுக்கும் நடுவே ஒரே வாரம். அந்த சீசனில் அவர்கள் ஆடியது மொத்தம் 16 ஆட்டம். முட்டிக்கு வேண்டியது நாட்கள், அட்டவணையில் அதுதான் இல்லை.

இண்டியானா ஆட்டத்தில் லவ் 98 யார்டு ஓடி டச் டவுன் போட்டார், எங்கள் ஊரில் பாதி வீடுகள் அலறின, மீதிப் பாதி டிவியை அணைத்தன. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் திறந்த வெளியில் நேராக ஓடுவது முட்டிக்குச் சுலபமான வேலை. ஜார்ஜியா ஆட்டத்தில் 6 முறை ஓடி 19 யார்டு. பென் ஸ்டேட்டோடு அந்த இரண்டு யார்டு. அது மன உறுதியால் வந்தது, காலால் வந்ததில்லை. அரையிறுதிக்கு அவரை இறக்கியதைச் சரி என்று நான் சொன்னதற்குக் காரணம், அதுவரை அவர் ஊன்றுகிற காலை நம்பித்தான் ஊன்றினார். அன்றிரவு பட்ட அடிகளுக்குப் பிறகு 11 நாளில் அந்த நம்பிக்கை திரும்ப வாய்ப்பு குறைவு என்பது என் தொழில் அனுபவம்.

இறுதிப்போட்டியின் முதல் டிரைவை, அதாவது நோட்டர் டேம் பந்தை முதல் தடவை விடாமல் முன்னேற்றிக்கொண்டு போனதை, ஞாபகப்படுத்திப் பாருங்கள். 18 முயற்சி, 75 யார்டு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம். வழக்கமாகப் பந்தை எறிந்தும் கொடுத்தும் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட்டே திரும்பத் திரும்பப் பந்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். டச் டவுனும் அவரே போட்டார். போட்டுவிட்டு ஓரத்தில் போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 31 புள்ளிகள் எடுத்தது. நட்சத்திரத்தைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஆடினால் அவன் சுமக்க வேண்டிய அடியை வேறொரு உடம்பு சுமக்கும். நோட்டர் டேமின் மார்க்கஸ் ஃப்ரீமன் நல்ல பயிற்சியாளர், இரக்கமில்லாதவர் இல்லை. ஆனால் அன்று லவ்வுக்கு உடை மாட்டாமல் விட்டிருந்தால், திட்டத்தை இன்னொரு ரன்னிங் பேக்கான ஜடேரியன் ப்ரைஸைச் சுற்றி ஒரு வாரம் முன்பே போட்டிருக்கலாம். 2022-ல் குதிகால் தசைநாண் அறுந்து ஒரு சீசன் முழுக்க இழந்து திரும்பியவர் ப்ரைஸ், அவருக்கு அந்த இரவில் இரண்டு கால்களும் சரியாக இருந்தன.

லவ் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போக முடியாது என்பது விதி. அதாவது முட்டி போயிருந்தால், சம்பாதிக்கத் தொடங்கும் முன்னாலேயே போயிருக்கும். 2021 ஜூலையிலிருந்து பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகிவிட்டது, உண்மைதான். காப்பீடும் உண்டு. இருந்தாலும் ரன்னிங் பேக்கின் தொழில் ஆயுள் எல்லா இடத்துக்காரர்களையும்விடக் குறைவு. அதில் ஒரு வருஷம் என்பது பெரிய பங்கு. நல்லவேளை, அடுத்த சீசனில் முழு பலத்தோடு வந்து 1,372 யார்டு ஓடி, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதி நால்வரில் ஒருவரானார். "பாத்தீங்களாண்ணே, ஒண்ணும் ஆகலையே" என்றார் நண்பர். ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியவர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

2016-ல் பெரிய கான்ஃபரன்ஸ் கல்லூரிகள் ஒரு விதி கொண்டுவந்தன: ஆட்டக்காரன் திரும்பலாமா என்பதில் டாக்டரும் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரும் சொல்வதே கடைசி வார்த்தை, பயிற்சியாளர் கேள்வி கேட்க முடியாது. நல்ல விதி. ஆனால் அது "ஆடக் கூடாது" என்று சொல்வதற்குத்தான் பலம் தருகிறது. "ஆடலாம், ஆனால் ஆட வைப்பது வீண்" என்ற நடுவாந்தர நிலைக்கு அதில் இடமில்லை. இறுதிப்போட்டியில் லவ் நின்றது அந்த நடுவாந்தரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்யும் பள்ளிகளில் ஒன்றில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆகஸ்டில், யாருக்கும் அடிபடாமல் இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது. எந்தப் பரிசோதனையில் எவ்வளவு வந்தால் ஆடலாம், யார் சொன்னால் உட்கார வேண்டும், திரும்பும் முதல் ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை முறை பந்து கொடுக்கலாம். பயிற்சியாளர், டிரெய்னர், பையன், பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போன ஆகஸ்டில் ஒரு அப்பா தாளை முழுக்கப் படித்துவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்: மாநில இறுதிப்போட்டி லூகஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று அடியில் ஒரு வரி சேர்க்க முடியுமா? முடியாது என்றேன். கையெழுத்துப் போட்டார். வருஷா வருஷம் யாராவது ஒருவர் அந்த வரியைக் கேட்கிறார்கள்.